இடைக்காலத் தமிழகத்தில் எளியோர் வாழ்வு: ஐரோப்பாவோடு ஓர் ஒப்பீடு



சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் முகாம் ஒன்றில் இராசராச சோழனைப் பற்றிப் பேசி முடித்திருந்தேன். தஞ்சைப் பெரிய கோயில், கடாரப் படையெடுப்பு, குடவோலை என எல்லாம் முறையாகச் சொல்லியாயிற்று. கேள்வி நேரத்தில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, இராசராசன் கோயில் கட்டியபோது என் பாட்டனுக்குப் பாட்டன் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று கேட்டான். அவையில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை. யோங் பெங் நகரில் பேச வேண்டும் என்று மொழி மன்றத்தார் அழைத்தபோது அந்தக் கேள்வியே முதலில் நினைவுக்கு வந்தது. இங்கு அமர்ந்திருப்போருள் பலர் பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் பிறந்து வளர்ந்தவர்கள், அல்லது அப்படி வளர்ந்தவர்களின் பிள்ளைகள். அந்த மாணவனின் கேள்வி உங்களுடையதும் ஆகும். காலம் கடந்தேனும் அதற்கு விடை தேடுவதே இன்றைய உரை.

வரலாற்று வகுப்பில் நாம் இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டோம். ஐரோப்பாவின் இடைக்காலம் 'இருண்ட காலம்'. அதே நூற்றாண்டுகளின் சோழர் ஆட்சி 'பொற்காலம்'. முதல் சொல்லுக்கு வித்திட்டவர் 14ஆம் நூற்றாண்டு இத்தாலியப் புலவர் பெட்ரார்க். பழைய உரோமாபுரியின் புகழில் தோய்ந்த அவருக்கு, அதற்குப் பின் வந்த காலமெல்லாம் இருளாகத் தோன்றியது. இரண்டாம் சொல் விடுதலைப் போராட்டக் காலத்தில் வேரூன்றியது. அடிமைப்பட்ட மக்களுக்குத் தம் முன்னோர் பெருமை தேவைப்பட்டது. அந்தத் தேவையை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் இரு சொற்களும் அரண்மனை வாயிலிலும் நூலகத்திலும் நின்று பார்த்தவர்கள் சூட்டியவை. வயலில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? உண்ட சோறு எவ்வளவு, நோய் வந்தால் யார் பார்த்தார்கள், ஊர் முடிவுகளில் யாருக்குக் குரல் இருந்தது, ஒருவன் தன் உடலுக்குத் தானே உரியவனாக இருந்தானா? இந்தக் கேள்விகளுக்கு ஓரளவேனும் விடை சொல்லும் சான்று தமிழகத்தில் ஏராளம். அது கோயிற் சுவரில் வெட்டப்பட்ட கணக்கு.

முதலில் பெருமைக்குரியதைச் சொல்லிவிடுகிறேன், அதை மறைப்பது நன்றன்று.

காஞ்சிபுரத்துக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்த வேதப் பள்ளிக்கும் மாணவர் விடுதிக்கும் 'வீரசோழன்' என்ற பெயர்கொண்ட ஆதுலர் சாலைக்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவை அது வரிவரியாகக் கணக்கிடுகிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனை. படுக்கைகள் 15. ஒரு மருத்துவர், அறுவை செய்யும் ஒருவர், மூலிகை பறித்தும் விறகு கொணர்ந்தும் மருந்து காய்ச்சும் இருவர், நோயாளிக்குத் துணை செய்யும் பெண்கள் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்பவர் ஒருவர். நோயாளி ஒருவருக்கு நாள்தோறும் ஒரு நாழி அரிசி. இரவு முழுதும் எரிய ஒரு விளக்கு. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அளவுகளும்கூட வெட்டப்பட்டுள்ளன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம்.

இரவு விளக்குக்கு எண்ணெய் ஒதுக்கியவர் நோயாளியின் இரவை அறிந்தவர் என்று எனக்குத் தோன்றும். வலியில் கிடப்பவனுக்கு இருட்டு எவ்வளவு நீளமானது! இதைப் படிக்கும்போதெல்லாம் பெருமையே மேலிடுகிறது. அதே இடைக்காலத்தில் பாரிசு நகரின் பெரிய மருத்துவமனையில் ஒரே படுக்கையில் பலர் கிடந்ததையும் நாம் ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒப்பீடு அங்கே நின்றுவிடக்கூடாது. பாரிசு மருத்துவமனையில் நெரிசல் ஏற்பட்டதற்கு ஒரு காரணம், தெருவில் கிடந்த ஏழையையும் அது ஏற்றுக்கொண்டது. திருமுக்கூடலின் 15 படுக்கைகள் பள்ளி மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் உரியவை. ஆற்றுக்கு அக்கரையில் நாற்று நட்டவளுக்குப் பேறுகாலக் காய்ச்சல் வந்தால் அவள் எங்கே போனாள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அதற்கு இல்லை.

விழுப்புரம் பகுதியில் உள்ள எண்ணாயிரத்திலும் இதே நிலைதான். இராசேந்திரன் காலத்தில் அங்கே 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் ஊர்ச் சபை ஏற்பாடு செய்தது. இளைய மாணவனுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். உண்டும் உறைந்தும் கற்கும் கல்வி அது. எண்ணிக்கையைப் பார்த்தால் வியப்பு வரும். கற்பிக்கப்பட்டவை வேதமும் இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும். கற்றவர் யாவர் என்பதைப் பாடத்திட்டமே சொல்லிவிடுகிறது.

ஊராட்சிக்கு வருவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், உத்தரமேரூர்ச் சபையார் வெட்டிய கல்வெட்டுகளை நம் மாணவர் நன்கறிவர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவனைக்கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பொறுப்புகள் பிரிந்தன. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. இந்த ஒரு விதிக்காகவே அந்தச் சபையாரைக் கைகூப்பி வணங்கலாம். நம் சங்கங்கள் பலவற்றுக்கு இன்றும் பொருந்தும் விதி அது.

ஆனால் குடத்தில் பெயர் விழத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேற்பட்ட, வரி செலுத்தும் சொந்த நிலம். சொந்த மனையில் கட்டிய வீடு. வயது 35க்கு மேல், 70க்குள். வேதப் பயிற்சி. அது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட பிரமதேய ஊர். மேடைகளில் இதை 'உலகின் முதல் மக்களாட்சி' என்று முழங்கும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கும். நிலமுடையோர் தமக்குள் நேர்மையாக நடந்துகொள்ள வகுத்த சிறந்த ஒழுங்கு என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையே போதுமான பெருமை.

இனித் தஞ்சைக்கு வருவோம். அந்த மாணவனின் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது.

1010இல் நிறைவெய்திய பெரிய கோயிலின் சுவர்களில் இருவகைக் கணக்குகள் உள்ளன. ஒன்று, பல தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல். ஒவ்வொருத்திக்கும் பெயர் உண்டு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தாள் என்ற குறிப்பு உண்டு, எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு கலம் 96 நாழி. கணக்கிட்டால் நாளொன்றுக்கு 26 நாழி நெல்லுக்குக் கூடுதலாக வரும். எண்ணாயிரத்து மாணவனுக்கு ஆறு நாழி என்பதை நினைவிற்கொண்டால், ஒரு சிறு குடும்பமே நன்றாக உண்டு வாழக்கூடிய வருவாய் அது.

மற்றொன்று, கோயிலுக்கு வருவாய் தரும் ஊர்களின் நிலக்கணக்கு. இராசராசன் 1000ஆம் ஆண்டையொட்டி நாட்டை அளக்கச் செய்தான். வேலியை நுண்ணிய பின்னங்களாகப் பகுத்து அளந்தனர். இங்கிலாந்தில் முதலாம் வில்லியம் 1086இல் எழுதுவித்த டூம்ஸ்டே நிலக்கணக்கு இதற்கு ஏறத்தாழ 85 ஆண்டுகள் பின்னது. ஒவ்வோர் ஊரின் மொத்த நிலத்தையும் சொல்லி, அதில் வரி கட்ட வேண்டாத பகுதிகளைத் தஞ்சைக் கல்வெட்டு கழிக்கிறது. ஊர்நத்தம் கழியும். குளமும் ஊடறுத்துப் போன வாய்க்காலும் கழியும். கோயில் நின்ற நிலம் கழியும். கம்மாணசேரி கழியும். பறைச்சேரி கழியும். சுடுகாடு கழியும், பறைச்சுடுகாடு தனியே கழியும். சில ஊர்களில் தீண்டாச்சேரி என்ற பெயரே வருகிறது. உழும் பறையர் குடியிருந்த சேரி என்று தொழிலையும் சேர்த்துச் சொல்லும் இடமும் உண்டு.

இந்தப் பட்டியலை முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். உயிரோடிருக்கும்போதும் தனி இடம், எரிக்கப்படும்போதும் தனி இடம் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அரசுக் கணக்கில் ஏறியிருக்கிறது. கோயிலில் பணி செய்த பெண்ணுக்குப் பெயரும் வீட்டு எண்ணும் இருக்க, அவள் உண்ட நெல்லை விளைவித்தவருக்குப் பெயர் இல்லை. அவர் இருந்த சேரி, நிலக்கணக்கில் ஒரு கழிவுத் தொகையாக நிற்கிறது.

ஐரோப்பாவின் உழவர் இதைவிட நன்றாக வாழ்ந்தாரா? டூம்ஸ்டே கணக்கில் எண்ணப்பட்டோரில் பத்தில் ஒருவர் அடிமை. மற்ற உழவரில் பெரும்பாலோர் பண்ணை நிலத்தோடு கட்டுண்டவர். பிரபுவின் நிலத்தில் வாரத்தில் சில நாள் கூலியின்றி உழைக்க வேண்டும். தமிழகத்தில் இதற்கு வெட்டி என்று பெயர். 1315இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் வட ஐரோப்பாவில் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். நம் பக்கமும் பஞ்சம் அறியாததன்று. 1201இல் திருப்பாம்புரத்தில் காசுக்கு மூன்று நாழி என்று நெல் விலை ஏறியபோது, வேளாளர் ஒருவரும் அவருடைய மகளிர் இருவரும் பட்டினிச் சாவுக்கு அஞ்சி, 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கே விற்றுக்கொண்டனர். அதுவும் கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. விற்றுக்கொண்டவர் நிலத்தோடு தொடர்புடைய வேளாளர் என்பதைக் கவனியுங்கள். அவருக்கே அந்த நிலை என்றால் சேரியில் இருந்தவர் நிலையை நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஆக, இருட்டு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று, பொன்னும் நமக்கு மட்டும் உரியதன்று.

அப்படியானால் முன்னேற்றம் என்று எதைச் சொல்வது? இங்கே ஓர் ஆங்கில ஊரின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இடைக்கால ஐரோப்பாவின் பெரிய கருவி நீராலை. டூம்ஸ்டே கணக்கில் மட்டும் ஏறத்தாழ 6,000 ஆலைகள் உள்ளன. ஓடும் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் கல்லைச் சுழற்ற, கோதுமை மாவாகும். அதுவரை பெண்கள் விடியுமுன் எழுந்து கையால் திரிகை சுற்றினர். நம் பாட்டிமார் உலக்கை பிடித்த உள்ளங்கையை நினைத்துக்கொண்டால் இந்த ஆலையின் அருமை விளங்கும். ஆனால் ஆலை பிரபுவுடையது, அல்லது மடத்துடையது. ஊரார் அங்கேதான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கைக் கட்டணமாக விட வேண்டும், வீட்டில் திரிகை வைத்திருப்பது குற்றம் என்று பல இடங்களில் விதி செய்தனர்.

இலண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் ஒரு பெரிய மடம் இருந்தது. 1327 முதல் 1336 வரை அதன் தலைவராக இருந்தவர் வாலிங்ஃபர்டு ஊரினரான ரிச்சர்டு. கணிதத்திலும் வானியலிலும் தேர்ந்தவர். ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் இயக்கத்தைக் காட்டும் வியத்தகு கடிகாரம் ஒன்றை அவர் வடிவமைத்தார். இடைக்கால அறிவியல் வரலாறு எழுதுவோர் எவரும் அவரை விடுவதில்லை. அதே மனிதர் ஊராரின் கைத்திரிகைகளைப் பறிமுதல் செய்தார். பறித்த கற்களை மடத்தின் கூடத்தில் தளமாகப் பதிப்பித்தார். அடுத்த அரை நூற்றாண்டு அந்தக் கற்களின்மேல் துறவியர் நடந்தனர்.

இடையில் 1347 தொடங்கிக் கொள்ளைநோய் வந்து, சில ஆண்டுகளில் ஐரோப்பிய மக்களில் மூன்றில் ஒரு பங்கினரையேனும் கொண்டுசென்றது. உழைக்க ஆள் குறைந்ததால் எஞ்சிய உழவர் கூலியை உயர்த்திக் கேட்டனர். இங்கிலாந்து அரசு 1351இல் சட்டம் இயற்றி, பழைய கூலிக்கே உழைக்க வேண்டும் என்றது. தலைவரியும் சேர்ந்துகொள்ள, 1381இல் உழவரும் நகரத்தாரும் கிளர்ந்தெழுந்தனர். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரார் மடத்துக்குள் புகுந்து செய்த செயல்களில் ஒன்று, அந்தக் கூடத்தின் தளத்தைப் பெயர்த்ததுதான். பாட்டன் வீட்டுத் திரிகைக் கற்களை உடைத்து, ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்து எடுத்துச் சென்றனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர். ஆயினும் பண்ணையடிமை முறை அதன்பின் இங்கிலாந்தில் நிலைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் அது மெல்லத் தேய்ந்து மறைந்தது.

கடிகாரமும் முன்னேற்றந்தான், நீராலையும் முன்னேற்றந்தான். ஆனால் உழவரின் வீட்டுக்குள் அது வந்து சேர்ந்தது, அவர்கள் 'இனி இயலாது' என்று சொல்லும் வலிமை பெற்றபோது.

நம் உழவர் அப்படிச் சொன்னதே இல்லையா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கிறார்கள். நம் பாடநூல்களில் அது இடம்பெறவில்லை என்பதுதான் எனக்குக் குறை. 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சில விருத்தாசலத்திலும், பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறையிலும், தஞ்சைப் பகுதிக் கொருக்கையிலும் கிடைத்துள்ளன. அப்போது விசயநகர ஆட்சி. வலங்கைப் பிரிவினர் 98 சாதியாரும் இடங்கைப் பிரிவினர் 98 சாதியாரும் கூடினர் என்று அவை கூறுகின்றன. பிற காலங்களில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட பிரிவுகள் இவை. உழுதொழில் செய்தோரும் கைவினைஞரும் வணிகரும் இவற்றுள் அடங்குவர். அரசு அலுவலரும் பிராமண, வேளாள நிலக்கிழாரும் தம்மை வருத்தி மிகையாக வரி தண்டுகின்றனர் என்று அவர்கள் குற்றம் சாட்டினர். அத்தகையோருக்கு இடங்கொடுப்பதில்லை, கணக்கெழுதிக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தனர். எந்த நிலத்துக்கு, எந்தத் தறிக்கு எவ்வளவு வரி தருவோம் என்பதையும் தாமே வரையறுத்தனர். அதையும் கோயிற் சுவரிலேயே வெட்டிவைத்தனர். 1381க்கும் இதற்கும் இடைவெளி 48 ஆண்டுகளே. சப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் தமிழகக் கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலுவும் இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர்.

அந்த ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் மறைந்தது இங்கே மறையவில்லை. காவிரிக் கழனிகளின் பண்ணையாள் முறை தொடர்ந்தது. அடிமைத்தனத்தைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கில ஆட்சி 1843இல் அறிவித்தபின்னும் கடனால் கட்டுண்ட வாழ்வு போகவில்லை. ஏன் என்பதற்கு ஒரே விடை இல்லை. எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம் ஒன்றைச் சொல்கிறேன். ஆள் குறைந்தபோது ஆங்கில உழவன் அடுத்த பண்ணைக்கு ஓடிப்போய்ப் புதியவனாக வாழ முடிந்தது. சேரியிலிருந்து ஓடியவன் அடுத்த ஊரிலும் சேரிக்கே போக வேண்டியிருந்தது. நிலத்தோடு கட்டிய கயிறு அறுந்தாலும் பிறப்போடு கட்டிய கயிறு அறுபடவில்லை.

அவன் ஓட முடிந்த இடம் கடலுக்கு அப்பால் திறந்தது. 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள், பின்னர்க் கங்காணியோடு வந்தவர்கள், 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை வந்துகொண்டே இருந்தவர்கள், இவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற உழவுத் தொழிலாளர். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் சேரிகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் வந்தவர்கள். கடாரத்தை வென்ற படையைப் பற்றி நாம் பேசுகிறோம், பேசவேண்டியதுதான். 1025இல் வந்த அந்தப் படை திரும்பிப் போய்விட்டது. ஜொகூரின் காடு திருத்திப் பால்மரம் நட்டு, லயத்தில் குடியிருந்து, தம் பிள்ளைகளுக்குக் கொட்டகையில் தமிழ்ப்பள்ளி கண்டவர்கள் வேறு.

அந்த மாணவனை நான் பின்னர்ச் சந்திக்கவில்லை. சந்தித்தால் இப்படிச் சொல்வேன்: தம்பி, உன் பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று உறுதியாகச் சொல்ல எவராலும் இயலாது. ஆனால் தஞ்சைக் கோயிலின் நிலக்கணக்கில் வரி கழித்த இடங்களின் வரிசை இருக்கிறதே, அதைப் படித்துப் பார். நீ தேடுபவர் அங்கே குடியிருந்திருக்கக்கூடும். 1429இல் விருத்தாசலத்தில் கூடிய கூட்டத்தில் நின்றிருக்கவும் கூடும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. அடுத்த முறை சோழர் பாடம் நடத்தும்போது, கோபுரத்தின் உயரத்தைச் சொன்னபின், அந்த நிலக்கணக்குகளில் ஒன்றை மட்டும் எடுத்து வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் செய்யுங்கள். பழைய தமிழ்தான், ஆனாலும் நத்தம், குளம், வாய்க்கால், சேரி, சுடுகாடு என்ற சொற்கள் நம் பிள்ளைகளுக்கும் புரியும். படித்து முடித்ததும் அவர்கள் கேள்வி கேட்பார்கள். என்னைப் போல் சிரித்துவிடாதீர்கள்.